குகையில் விளக்கை அணைத்தபோது

அப்பா,

இன்று டெல்லி முனிர்காவில் எங்கள் மாடிப்படிக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். அந்த ஈர வாசனை அறைக்குள் வந்ததும் நீங்கள் காட்டிய சுண்ணாம்புக்கல் குகை நினைவுக்கு வந்துவிட்டது.

அப்போது உங்கள் படை முகாம் ஜக்தல்பூரில் இருந்தது. டிசம்பரில் அம்மாவும் நானும் டெல்லியிலிருந்து வந்திருந்தோம். ஒன்பதாம் வகுப்பின் நடுவிலேயே நான் பள்ளியை விட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. உங்களுக்குத் தெரியாது. வகுப்பில் எழுந்து நின்றால் எனக்குக் குரல் வராது, எல்லோரும் சிரிப்பார்கள். நீங்களோ மகள் டாக்டராவாள் என்று முகாம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தீர்கள். "உங்கப்பாட்ட நீயே சொல்லு" என்று அம்மா ஒதுங்கிக்கொண்டாள். மூன்று நாள் உங்கள் முகத்தைப் பார்த்தேன், வாய் திறக்கவில்லை. நான்காம் நாள் காங்கேர் தேசியப் பூங்காவுக்கு அழைத்துப் போனீர்கள்.

குகைக்குள் இறங்கும் வழி அவ்வளவு குறுகல். இரண்டு பக்கமும் உங்கள் தோள் உரசியது. "ஏட்டி, நா சிக்கிக்கிட்டா நீதான் இழுக்கணும்" என்றீர்கள். இறங்கியதும் பெரிய கூடம். கூரையிலிருந்து கல் விழுதுகள், மடிப்பு மடிப்பாய்க் கல் திரைகள். விளக்கு பட்ட இடமெல்லாம் சர்க்கரை தூவியதுபோல் மின்னியது. தொடப்போன என் கையை வழிகாட்டி தடுத்தார். கை பட்டால் கல் வளராதாம். "கல்லு வளருமாம்ட்டி!" என்று வாய் பிளந்து நின்றீர்கள்.

ஆழத்துக்குப் போனதும், "சப் லோக் டார்ச் பந்த் கரோ" என்றார் வழிகாட்டி. எல்லோரும் டார்ச்சை அணைத்தோம். என் கையே எனக்குத் தெரியாத இருட்டு. சுற்றிலும் இந்திக்காரர்கள், தமிழ் யாருக்குப் புரியும்? டெல்லி பஸ்ஸில் நாம் அந்தத் தைரியத்தில்தானே எல்லாம் பேசுவோம்.

"அப்பா, நா இப்ப ஸ்கூலுக்குப் போறதில்ல. ரெண்டு மாசமா. இனிமேயும் போகமாட்டேன்."

எங்கோ நீர் சொட்டியது. பின்னாலிருந்து யாரோ, "ஏனுங்க, புள்ளைய வையாதீங்க" என்றார்.

நீங்கள் வெடித்துச் சிரித்தீர்கள். குகை முழுக்க அந்தச் சிரிப்பு எதிரொலித்தது.

விளக்குகள் எரிந்தன. என் முகம் சுட்டது. நீங்கள் என் பக்கம் திரும்பவே இல்லை. கூரையைப் பார்த்தபடியே, "சொல்லிட்டல்லா. இனி என்ன செய்யலாம்னு யோசி. அவசரமில்ல" என்றீர்கள்.

நீங்கள் எங்களை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகிறது. இப்போது நான் ஒரு தையல் கடையில் இருக்கிறேன். உடன் வேலை செய்யும் பெண் எதையோ சொல்ல வந்து தயங்கினால் நான் நிமிர்ந்து பார்ப்பதில்லை. தைத்துக்கொண்டே இருக்கிறேன். அவள் சொல்லிவிடுகிறாள்.