மவுஸ் என் கை, சுக்கான் அவர் கை

நவ. 4, செவ்.

காலையிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. கேஸ் புக் பண்ணணும். தேங்காய், சாளை, மாமிக்குச் சளி மருந்து. கடலுக்குப் போனவர் பொண்டாட்டி நான், கடையில் மீன் வாங்குகிறேன்.

இவர் போய் ஒரு மாசத்துக்கு மேல். ஞாயிறு எங்கள் கல்யாண நாள். கட்டி ஐந்து வருஷம், அந்த நாளில் ஒரு தடவைகூடக் கரையில் இருந்ததில்லை. "இந்தத் தடவ உறப்பா வந்திருவேன்ட்டி." தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் வைத்துச் சொன்னது.

சாயங்காலம் கம்ப்யூட்டரில் கப்பல் சண்டை கேம். கத்தாரிலிருந்து கொழுந்தன் ஜெனிஷும் என் அணியில். தொடங்கியதுமே தீவில் கொண்டுபோய் இடித்தேன். நானும் இவரும் இதை இரண்டு நாற்காலி போட்டு ஒன்றாகத்தான் ஆடுவோம். கப்பலைத் திருப்பும் பட்டன் அவர் கை, குறி பார்த்துச் சுடும் மவுஸ் என் கை. இப்போது இரண்டும் நான். சுடப் பார்த்தால் கப்பல் எங்கோ போகிறது, கப்பலைப் பார்த்தால் எதிரி எங்கோ போகிறான்.

அவர் நாற்காலியில் ஈரத்துணி.

நவ. 6, வியா.

மழை இல்லை. கேஸ் சொல்லியாச்சு.

இதுவரை கற்றது:
– தீவுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்த பிறகுதான் வெளியே வரணும்.
– பக்கவாட்டைக் காட்டக் கூடாது. மூக்கைச் சாய்த்து நிற்கணும்.
– டார்பிடோக் குண்டு, எதிரி நிற்கும் இடத்துக்கு இல்லை. வரப்போகும் இடத்துக்கு.
– நீரோட்டத்துக்கு என்று குறியைத் தள்ளி வைக்கக் கூடாது. இவர் எப்போதும் வைப்பார், எல்லாம் குறி தப்பும். இந்தக் கடலில் நீரோட்டமே கிடையாது என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். "நீரோட்டம் இல்லாதது என்ன கடலுட்டி?" என்று ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பு எனக்கு இப்போதே வேண்டும்.
– திரும்பிப் போகக் கூடாது.

கடைசியதுதான் முடியவில்லை. இன்றும் நம் அணிக் கப்பல் ஒன்று எரிந்தது. புகை போட்டு மறைக்கலாம் என்று திரும்பினேன். அதுவும் முங்கியது, நானும் முங்கினேன்.

ஹெட்போனில் கொழுந்தன்: "எதுக்கு மைனி திரும்பிப் போனிய? ஜெயிக்கப் போற ஆட்டம்."

"அவன் முங்குகாம்லா?"

"அதுல ஆளே கிடையாது மைனி. அவன் இதுக்குள்ள அடுத்த ஆட்டம் தொடங்கியிருப்பான்."

தெரியும். இவர் பழக்கிவிட்ட பழக்கம். எங்கள் ஊரில் நடுக்கடலில் ஒரு போட்டு எஞ்சின் கெட்டு நின்றுபோனால், மற்றவர்கள் வலையை விட்டுவிட்டாவது உதவிக்குப் போவார்கள். கேமிலும் இவர் கை தானாகத் திருப்பும். நானும் வேண்டாம் என்று சொன்னதில்லை. தோற்றுத் தோற்று இன்னும் அதே ஓட்டைக் கப்பல்.

நவ. 8, சனி

நல்ல வெயில். வீடு முழுக்கக் கழுவினேன். நீலச் சட்டை இஸ்திரி. நாற்காலித் துணியை மடித்து வைத்தாயிற்று. பிச்சிப்பூ வாங்கி ஃபிரிட்ஜில்.

மாமி பக்கத்து வீட்டில்: "நாளைக்கு வாற ஆளுக்கு இன்னைக்கே பூ வாங்குகா பாரு."

வாங்குவேன். என்ன இப்போ?

நவ. 9, ஞாயி.

பூசைக்குப் போய்விட்டு ஓடி வந்தேன். இல்லை. பிரியாணி வைத்தேன். இல்லை.

மத்தியானம் போட்டு முதலாளி வீட்டிலிருந்து ஆள். வயர்லெஸ்ஸில் செய்தியாம். எஞ்சின் நின்றுபோன வேறொரு போட்டைக் கயிறு கட்டிக் கொச்சிக்கு இழுத்துப் போகிறார்கள். வர நாளாகும்.

"நல்ல காரியம்லா செய்யுகான் எனக்க மவன்" என்றார் மாமி. நல்ல காரியம்தான். யார் இல்லை என்றது? எந்த ஊர்ப் போட்டோ, எவனோ. அத்தனை பெரிய கடலில் இவரை விட்டால் வேறு ஆளே இல்லையா? ஒரு நாள் கேட்டேன். ஒரே ஒரு நாள்.

ஆத்திரத்தோடு கேமில் உட்கார்ந்தேன். இடது பக்கம் நம் அணிக் கப்பல் ஒன்று எரிந்தது. திரும்பவில்லை. பார்க்கவே இல்லை. நேராகப் போய் எதிரியின் தளத்தைப் பிடித்தேன். தனியாக முதல் வெற்றி.

"இன்னைக்குதான் மைனி கப்பல் ஓட்டப் படிச்சிய!"

மூடிவிட்டேன். பிரியாணி அப்படியே இருக்கிறது.

நவ. 10, திங்.

மழை. ஜெனிஷ் இரண்டு தடவை கூப்பிட்டான். தலைவலி என்றேன். பூவை மாமி வைத்துக்கொண்டார்.

நவ. 11, செவ்.

சிலிண்டர் வந்தது. கையில் மாவோடு இருக்கும்போது போன். இவர்தான், கொச்சியிலிருந்து.

மனசில் அடுக்கி வைத்திருந்த அத்தனையும் போய், ஜெனிஷ் கேட்டதுதான் வாயில் வந்தது.

"எதுக்குத் திரும்பிப் போனிய?"

"பின்ன? துணியக் கொளுத்தி வீசிட்டு நிக்கானுவ. மூணு போட்டு பாத்துட்டுப் பாத்துட்டுப் போயிருக்குட்டி."

"எத்தன பேரு?"

"ஒம்பது."

"கல்யாணம் ஆனவங்களா?"

"அஞ்சு பேருக்கு ஆயாச்சு. ஒருத்தனுக்கு வாற மாசம்."

பிறகு என்ன கேட்க. சாப்பிட்டீர்களா என்றேன். ம் என்றார். இங்கே மழையா என்று கேட்டார். நம்ம போட்டிலும் எஞ்சினைப் பார்க்கணுமாம், எப்போது முடியும் என்று தெரியாதாம்.

"கேம்ல ஜெயிச்சியா?"

"ஒரு தடவ."

எப்படி என்று கேட்டார். சொல்லவில்லை.

"மெதுவா வாருங்க, அவசரம் ஒண்ணும் இல்ல" என்றேன். பொய்.