பிள்ளை நடையை நிறுத்தவில்லை

அத்தான்,

பல் டாக்டரைப் பார்க்கக் கருங்கலுக்குப் போகிறேன். ஏபினுக்குத் தாய்ப்பால் பிழிந்து ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறேன். பாட்டிலை வெந்நீரில் இறக்கிவைத்துச் சூடாக்குங்கள், அடுப்பில் ஏற்றவேண்டாம்.

இன்னொரு தடவை பொறுமையாகச் சொல்கிறேன். போன மாதம் நீங்கள் ஏபினைத் தூக்கிப் பிடித்து எல்லாருக்கும் வீடியோ அனுப்பினீர்களே, அது நடை இல்லை. பிறந்த பிள்ளையின் பாதம் தரையில் பட்டால் கால் தானாக எழும். அது அனிச்சைச் செயல். இரண்டு மாதத்தில் மறைந்துவிடும். பிறகு மூளையும் உடம்பும் வளர்ந்து, அவனாக நினைத்து எடுத்துவைப்பதுதான் நடை. அதற்கு முதலில் கழுத்தும் முதுகும் உறுதியாகவேண்டும். விழித்திருக்கும்போது பாயில் கவிழ்த்துப் போட்டு, பக்கத்திலேயே இருங்கள். அழுதால் தூக்குங்கள். நிற்கவைத்துப் பார்க்கவேண்டாம்.

இதைக் கேட்காமல், நேற்று, நாலு வருஷமாக ஒரு குழந்தைக்குக் காத்திருக்கும் உங்கள் தங்கச்சியிடம், "ஏட்டி ஜெமி, ஒனக்க கண்ணு பட்டுதான் பிள்ள நடைய நிறுத்திப்போட்டான்" என்றீர்கள். "செரி அண்ணா, இனி பாக்க வரல்ல" என்று அவள் சாப்பிடாமல் போனாள். நீங்கள் சிரித்துக்கொண்டிருந்தீர்கள்.

போன் பண்ணி அவளைக் கூப்பிடுங்கள். வந்ததும் பிள்ளையை நீங்களே அவள் கையில் கொடுங்கள்.

பெனிலா

நெத்திலிக் குழம்பு மூன்று பேருக்கு இருக்கிறது.

இன்னொன்று: அவள் விரல் நீட்டினால் ஏபின் இறுக்கிப் பிடித்துக்கொள்வான். அதுவும் அனிச்சைதான். அதை மட்டும் அவளிடம் விளக்கவேண்டாம்.