விண்கல் துண்டில் உன் பெயர்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? ஜெர்மனியில் நான் நலம்.

வானத்திலிருந்து விழுந்த இரும்பு விண்கல்லில் ஆராய்ச்சிக்கு ஒரு துண்டு அறுக்கும் பொறுப்பை நேற்று என்னிடம் கொடுத்தார்கள். பாதியில் அறுக்கும் கம்பி தெறித்து விரலில் லேசாகக் கீறியது, பயப்படாதே. "வேறு ஆளைக் கூப்பிடவா?" என்றார் பேராசிரியர். "வேண்டாம், நானே முடிக்கிறேன்" என்றேன். புதுக் கம்பி மாட்டி நிதானமாக அறுத்தேன். துண்டு வெள்ளியாக மின்னியது.

துண்டை வைக்கும் பெட்டியில் அறுத்தவர் பெயரை எழுதச் சொன்னார். 'நாகரத்தினம் சுவேதா' என்று எழுதினேன்.

"நாகரத்தினம் யார்?" என்றார்.

"எங்க அம்மா. முத்துப்பேட்டையில மீன் வித்து என்னைப் படிக்க வெச்சாங்க."

அந்தத் துண்டு எந்த நாட்டுக்குப் போனாலும் உன் பெயரும் கூடவே போகும்.

ஒருநாள் சந்தையிலிருந்தே போன் பண்ணு அம்மா, அந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டும். பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன், பஸ் வந்துவிட்டது.

உன் மகள்,
சுவேதா