அவரு நடிச்ச படத்தோட கேசட்டு

ஆடி 10, சனிக்கிழமை ராத்திரி.

எங்கூட்டுக்காரரு நடிச்ச ஒரே படம் கேசட்டா வந்துருச்சு. கொழுந்தனார் வேலூர்ல வாங்கிட்டு வந்தாரு. நாளைக்கு டி.வி.யும் டெக்கும் வாடகைக்கு எடுத்து ஊட்டுலயே போடறாராம்.

"எம் பையன் அதுல பேசுவானா சாமி?"ன்னு இன்னும் படம் பாக்காத அத்தை கேட்டாங்க. "பேசுவாருங்க"ன்னேன். என்ன வேசம்னு சொல்ல வாய் வரலை.

பொணமா படுத்திருப்பாரு. வாய்க்கரிசி போடப் போட மென்னு, எச்சிலோட சம்பந்தி மொகத்துலயே துப்புவாரு. ஏப்பம் விட்டு எந்திரிச்சு ஓடுவாரு. படம் வந்தன்னைக்குத் தியேட்டரே உருண்டு சிரிச்சுது. நானுந்தான்.

"வேண்டாங்க, அத்தை தாங்கமாட்டாங்க"ன்னு கொழுந்தனார்கிட்டச் சொன்னேன். "சிரிப்புப் படம்தானுங்க அண்ணி, அம்மா ஒருக்கா சிரிக்கட்டும்"ங்கறாரு.

தை மாசம் நெசமாவே அவருக்கு வாய்க்கரிசி போட்டப்ப, துப்பிருவாரோன்னு பாத்துட்டே நின்னேன். நேரமாச்சுன்னு என்னை இழுத்து ஓரமா நிறுத்திட்டுத் தூக்கிட்டுப் போயிட்டாங்க.

நாளைக்கு அவரு எந்திரிக்கறதை அத்தை பாப்பாங்க. "இன்னுங் கொஞ்சம் பொறுத்துத் தூக்கியிருக்கலாமே"ன்னு என்னைக் கேட்டா என்ன சொல்லுவேன்? ஆறு மாசமா நானும் அதையேதான் நெனச்சுட்டிருக்கறேன்.