ஐந்தாம் மாடிக்கு ஓர் அடி கீழே

மார்ச் 3, திங்கள்
எதிர்க் கட்டடத்துப் பலகையை இன்று நானே வாசித்துவிட்டேன். 'பல் மருத்துவர், மேல் மாடி.' பதினோரு வருடமாக அது அங்கேதான் தொங்குகிறதாம். பல் வலித்தபோதெல்லாம் பேருந்து பிடித்து எங்கேயோ அலைந்திருக்கிறேன்! தெருவில் நின்று தனியாகச் சிரித்தேன். எழுபத்திரண்டு வயதில் எழுத்துக் கற்றுக்கொண்டதில் இப்படி ஒரு சந்தோஷம். இதை எழுத அரை மணி நேரம்.

மார்ச் 5
கதை வேலையைப் பற்றியும் எழுதி வைக்கிறேன். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த காலத்துச் சங்கதிகளை மகளிடம் சொல்வேன். நாலாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே மாட்டிக்கொண்ட மனிதன் கதையை அவள் பிடித்துக்கொண்டாள். ஒரே கதை, இணையத்தில் நாலு இடத்தில் நடக்கிறது. அவன் மனதில் ஓடுவது என் குரலில். லிஃப்ட்டுக்குள் நடப்பது வீடியோவில். அதை எடுப்பது மருமகன். வெளியே இருப்பவர்கள் படக்கதையில், வரைவது மகள். நாலாவது, லிஃப்ட்டிலிருந்து அவன் போனில் எழுதும் கடிதங்கள். அதையும் மகளே எழுதிப் போடுகிறாள். ஜனங்கள் பதில் போடுகிறார்கள்.

ஒருநாள் கதை அது. இன்று எழுபத்தோராவது நாள். அவன் போனில் இன்னும் சார்ஜ் இறங்கவில்லை.

நான் பேசுவது துணி அலமாரிக்குள். சுற்றிலும் கம்பளி. வெளிச் சத்தம் வரக் கூடாதாம். காற்றும்தான் வருவதில்லை.

மார்ச் 6
கூடத்தில் பலகை அடித்த பெட்டிதான் வீடியோவின் லிஃப்ட். அதில் மாட்டிக்கொண்டிருப்பவர் கீழ்வீட்டுத் தையல்காரர். சவரம் செய்யக் கூடாதென்று உத்தரவு.

"அண்ணே, தாடி அரிக்குது. கடைக்கு வர்றவங்க எல்லாம் வீட்ல ஏதும் துக்கமான்னு கேக்குறாங்க. என்னை எப்பத்தான் இறக்கி விடுவீங்க?"

"நான் ரெடிப்பா. முதலாளியம்மாவைக் கேளு."

மருமகன் தலையை நிமிர்த்தவில்லை. "ஆள் வெளிய வந்தா, பாக்குறவங்களும் போயிடுவாங்க மாமா."

இரண்டு முறை அலமாரிக்குள் பேசும்போது லிஃப்ட் ஆளைக் காப்பாற்றிவிட்டேன். இரண்டு முறையும் மகள் வெட்டிவிட்டாள்.

மார்ச் 9
நாற்பது வருட வேலையில் ஒருத்தரையும் நாற்பது நிமிடத்துக்கு மேல் உள்ளே விட்டதில்லை.

மார்ச் 11
இன்று முதன்முதலாக அந்தக் கடிதங்களை வாசித்தேன். மகளின் பழைய டேப்லெட்டில் அந்தப் பக்கம் திறந்தே இருந்தது. எழுத்துக் கூட்டி, விரலை வைத்து.

ஒரு பெண் தினமும் எழுதுகிறாள். படுக்கையில் கிடக்கும் மாமியாரை விட்டு ஐந்து வருடமாக அவள் எங்கும் போனதில்லை. 'நீங்க இன்னைக்காவது வெளிய வந்துட்டீங்களான்னு பாத்துட்டுத்தான் அடுப்பைப் பத்த வைக்கிறேன்.'

என் ஆள் பெயரில் மகள் எழுதிய பதில்: 'நாளை வந்துவிடுவேன்.'

மேலே தள்ளிப் பார்த்தேன். முந்தின நாளும் அதே நாளை. அதற்கு முந்தின நாளும். இத்தனை நாளும் என் குரலுக்குப் பக்கத்திலேயே இது நடந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

மார்ச் 12
கேட்டுவிட்டேன். "கதைதானேப்பா" என்றாள். கதைதான். அந்தப் பொம்பள அடுப்பு கதையா? அவ ஒருத்தியாவது நிஜம் இல்லையா? "கொஞ்சம் பொறுங்க, நூறு நாள் ஆகட்டும்" என்றாள். நூறு ஆனால் இருநூறு என்பாள். எனக்குத் தெரியாதா, நான் வளர்த்த கழுதை.

பிறகு அலமாரிக்குள் போய் உட்கார்ந்து, இன்னும் மூச்சு முட்டுகிறது என்று அவன் குரலில் சொன்னேன். நன்றாக வந்ததாம்.

மார்ச் 13
மருமகன் கதைக்கு விதிகள் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கும் தாளை வாசித்தேன். முதல் வரி: 'ஓரிடத்தில் வந்துவிட்டதை வேறெந்த இடத்திலும் மறுக்கக் கூடாது.'

ஓகோ.

மார்ச் 14, வெள்ளி
இருவரும் வெளியே போயிருந்தார்கள். டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டேன். அவன் கடிதமாக ஐந்து வரி. ஒன்றரை மணி நேரம்.

'மேலே மோட்டார் அறைக்கு ஒரு மெக்கானிக் வந்தார். பிரேக்கைத் தளர்த்தினார். சக்கரத்தைக் கையால் சுற்றினார். லிஃப்ட் ஓர் அடி ஏறி ஐந்தாம் மாடியில் நின்றது. நான் வெளியே வந்துவிட்டேன்.'

போட்டுவிட்டேன். செய்தது சரியா? அவள் பிழைப்பல்லவா இது? ஆனால் அவனை உள்ளே வைத்தவன் நான். இறக்குவதும் என் வேலைதானே?

மார்ச் 15
வீடு இரண்டுபட்டது. "அழிச்சிடலாம்" என்றாள் மகள். "நாலாயிரம் பேர் பாத்தாச்சு. எதை அழிப்ப?" என்றான் மருமகன். "யாரு எழுதினது?" என்று அவள் திரும்பினாள். நான் கையைத் தூக்கினேன். நம்பவில்லை. இந்த நோட்டைக் காட்டினேன். ஒரு பக்கம் வாசித்தாள். கழுதை என்ற இடமாக இருக்கும். நோட்டை வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

தையல்காரர் மட்டும் சவரக் கடைக்கு ஓடினார்.

அந்தப் பெண் ஒரு சொல்தான் போட்டிருந்தாள். 'அப்பாடா.'

மார்ச் 17
மகள் பேசவில்லை. ஆனால் ஐந்தாம் மாடிக் கதவு திறப்பதை வரைந்துகொண்டிருக்கிறாள். சக்கரத்தைத் தப்பாகப் போட்டிருந்தாள். சொன்னேன். திருத்தினாள்.

மார்ச் 19
காலையில் சாப்பாட்டு மேசையில் ஒரு தாள். எனக்காகப் பெரிய பெரிய எழுத்தில்:

'அப்பா, அடுத்த கதையைப் பேச வேண்டாம். எழுதிக் கொடுங்க. வெட்ட மாட்டேன். இன்னைக்கே ஆரம்பிக்கலாமா?'

மூன்று முறை வாசித்தேன். அடியில் எழுதினேன்:

'கதை இருக்கிறது. ஒரு மாதம் கழித்து. அலமாரிக்குள் இருந்தது போதும். இப்போது வெளியே போகிறேன், சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன்.'