உதட்டால் வழி காட்டுகிறவர்கள்

பத்தங்காஸ், ஜூன் 4

அன்புள்ள அண்ணனுக்கு,

ரோசல் எழுதுகிறேன். இங்கே வாரம் முழுக்கப் போனைப் பூட்டி வைத்துவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கைக்கு வந்தால் நீ எடுப்பதில்லை. வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பினேன் என்று கோபித்துக்கொண்டவனுக்குக் கடிதம்தான் சரி. கிழிப்பதற்கு முன்னால் ஒரு தடவை படித்துவிடு.

நியூசிலாந்துக் கம்பெனி வேலைக்குப் பதினான்கு இன்ஜினியர்கள் தயாராகிறோம். எடுக்கப் போவது ஆறு பேரை. தேறாவிட்டால் பழையபடி இலோயிலோவில் டைல்ஸ் கடைதான் எனக்கு. வரைபடம், கணக்கெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. வாய்தான் பிரச்சினை. முதல் நாளே, பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அப்ரெனிக்கா டீச்சர், "போல்ட்டெல்லாம் முறுக்கியாச்சா?" என்று கேட்டார். நம் ஊர் வழக்கப்படி, 'ஆமாம்' என்பதற்குப் புருவத்தைத் தூக்கினேன். "பதிலே வரல. பூஜ்யம்!" என்றார். "கம்பி எங்க கெடக்கு?" என்றார். கம்பி கிடந்த பக்கமாக உதட்டைக் குவித்துக் காட்டினேன். உடனே எல்லோர் முகத்திலும் தூசி முகமூடியை மாட்டிவிட்டார். "இப்பக் காட்டுங்க பாப்போம், உதட்டால!"

கிரேனை நிறுத்தச் சொல்வது இன்னும் மோசம். "அடியே, நிறுத்தச் சொல்றியா, தாலாட்டுப் பாடுறியா? கிரேன்காரன் தூங்கிருவான்!" என்கிறார். இந்த ஊர்க்காரர்கள் 'சாப்பிட்டாயா' என்று கேட்டாலே அடிதடி போலிருக்கிறது. மெல்லப் பேசும் நம் ஊர் நாக்குக்கு அது எங்கே வரும்?

அண்ணியை விசாரித்ததாகச் சொல்.

உன் தங்கை,
ரோசல்

---

இலோயிலோ, ஜூன் 15

அன்புள்ள ரோசலுக்கு,

கிழிக்கத்தான் இருந்தேன். உன் அண்ணி பிடுங்கிக்கொண்டாள்.

இருபது வருஷமாகக் கட்டடத்தில் நிற்கிறேன், அதில் பாதி மேஸ்திரியாக. ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். மேலே இருப்பவன் சொன்னால் புருவத்தைத் தூக்கு, வேலையைப் பார். எதிர்த்துப் பேசியவன் மறுநாள் கேட்டுக்கு வெளியே நிற்பான். இங்கேயாவது உனக்கு நான் இருக்கிறேன். அங்கே போய்க் கத்தினால் பரிந்து பேச யார் இருக்கிறார்கள்? அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவான். அந்த டீச்சர் உன்னைக் கெடுக்கிறார். பேசாமல் ஊருக்கு வா.

கருவாடு அனுப்பியிருக்கிறேன். ஒரே நாளில் தின்று தீர்க்காதே.

அன்செல்மோ

---

பத்தங்காஸ், ஜூலை 9

அன்புள்ள அண்ணா,

எடுத்துவிட்டார்கள்! ஆறில் நான் ஒருத்தி!

நேற்றுதான் கடைசிச் சோதனை. நியூசிலாந்திலிருந்து வந்த அதிகாரி, நரைத்த தலை, ஆறடிக்கு மேல். ஒவ்வொருவராக உள்ளே அனுப்பினார்கள். இரும்பு உத்தரத்தைக் கிரேனில் தூக்க வைக்க வேண்டும். போய்ப் பார்த்தால், உத்தரத்தைக் கட்டியிருந்த வார் ஒரு பக்கம் பிய்ந்திருந்தது. அதிகாரி கைக்கடிகாரத்தைத் தட்டினார். "தூக்கச் சொல்லும்மா, நேரமாகுதுல்ல?"

அண்ணா, பொய் சொல்லவில்லை, என் புருவம் பாதி மேலே போய்விட்டது. உன் கடிதமும் நினைவுக்கு வந்தது. கிரேன்காரர் விசையில் கையை வைத்தார், வார் இறுகியது. அவ்வளவுதான், "நிறுத்துங்க!" என்று கத்தினேன். எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ! கிரேன் நின்றது. பக்கத்துக் கட்டடத்தில் பூச்சு வேலை செய்தவர்கள்கூடக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்களாம்.

"நான்தான சொல்றேன், தூக்கு," என்றார் அதிகாரி. "வார் பிஞ்சிருக்கு. மாத்தாம தூக்க விடமாட்டேன்," என்றேன். அவர் சிரித்துக்கொண்டே கை நீட்டினார். சோதனையே அதுதானாம், உத்தரத்தைத் தரையை விட்டு எழுப்பக் கூடாது என்று கிரேன்காரரிடம் முன்பே சொல்லி வைத்திருந்தார்களாம். எனக்கு முன்னால் போன ஐந்து பேரும் சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்தார்களாம். அப்ரெனிக்கா டீச்சர் என்னைக் கட்டிக்கொண்டு, "தாலாட்டுக்காரி, ஊரையே எழுப்பிட்டியேடி!" என்று அழுதேவிட்டார்.

உன் பேச்சைக் கேட்கவில்லை. மன்னித்துக்கொள். ஆனால் எனக்கு வெட்கமில்லை.

ரோசல்

---

இலோயிலோ, ஜூலை 21

என் செல்லத் தங்கைக்கு,

நேற்றுப் பள்ளிக்கூடத்துக்குத் தளம் போடும் நாள். ராத்திரி மழையில், தளத்தைத் தாங்கும் முட்டுக்கட்டைகளுக்கு அடியில் மண் இளகிக் கிடந்தது. எங்கள் இன்ஜினியர், உன் வயதுதான், "கலவை வந்துருச்சு, ஊத்துங்க," என்றார். எனக்கும் புருவம் எழும்பியது. ஆனால் சட்டைப்பையில் உன் கடிதம் இருந்தது. "ஊத்தாதீங்கடா! நிறுத்து!" என்றேன்.

கலவையை ஒருவரும் ஊற்றவில்லை. "யாருய்யா இங்க இன்ஜினியர்? நீயா, நானா?" என்றார்.

"நீங்கதான் சார். ஆனா கீழ நிக்கிறது என் ஆளுங்க."

குனிந்து போய் ஒரு முட்டுக்கட்டையைத் தொட்டுப் பார்த்தார். கையோடு வந்துவிட்டது. முகம் வெளிறிப்போய் லாரியைத் திருப்பி அனுப்பினார். இன்றைக்கு என்னை வேலையை விட்டு நிறுத்துவார் என்று போனேன், காப்பி வாங்கிக் கொடுத்தார்.

உன்னிடம் ஒன்றை மறைத்தேன். ஊன்றுகோலோடு மளிகைக்கடை வைத்திருக்கிறானே என் சிநேகிதன் டெல்ஃபின், ஏழு வருஷம் முன்னால் அவன் மேல் விழுந்த தளத்துக்கும் முட்டு ஆடிக்கொண்டுதான் இருந்தது. எனக்குத் தெரியும். மேலே இருந்தவர்கள் ஊற்றச் சொன்னார்கள், புருவத்தைத் தூக்கினேன். உன் அண்ணியிடம்கூடச் சொன்னதில்லை. நேற்றுச் சாயங்காலம் அவன் கடைக்குப் போய்ச் சொன்னேன். கோழிமுட்டை அடுக்கிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான். "எனக்கும்தான்டா தெரியும். நான் மட்டும் வாயத் தெறந்தேனா?" என்றான். மீதிக் கோழிமுட்டையை இரண்டு பேருமாக அடுக்கி முடித்தோம்.

போய் வா, ரோசல். விமான நிலையத்துக்கு வண்டி ஓட்டப்போவது நான்தான். அங்கே சத்தம் போட்டு அழுவேன். யார் பார்த்தாலும் பரவாயில்லை.

உன் அண்ணன்,
அன்செல்மோ