எர்மினியாவுக்காகத் திறந்த கதவு

ஏப்ரல் 6, 2002 – சனி

கொட்டகையில் இன்று கால் வைக்க இடமில்லை. சங்கம் கூடும் இந்தப் பழைய மதுவாலை, ஆலை ஓடிய காலத்தில்கூட இவ்வளவு கூட்டத்தைப் பார்த்திருக்காது. என் பேரிக்காய் ஜாம் பத்து மணிக்கே தீர்ந்துவிட்டது. என் தோழி எர்மினியா இறைச்சி வைத்துச் சுடும் எம்பனாதாவுக்கு வழக்கம்போல் அடிதடி. “நாடே திவால், நாம மட்டும் விருந்து சாப்பிடுறோம்” என்று என் வீட்டுக்காரர் ரூபென் சிரிக்கிறார். பண்டமாற்றுச் சங்கம் தொடங்கியபோது இதே மனிதர்தான் பொம்பளைங்க விளையாட்டு என்றார்.

டாக்டர் லுசேரோவுக்கு இந்த மாதப் பங்கையும் கொடுத்தாகிவிட்டது. மாகாணம் ஊர் மருத்துவமனைச் சம்பளத்தை நிறுத்தியதும் மற்ற டாக்டர்களெல்லாம் மூட்டை கட்டினார்கள், அவர் மட்டும் இருந்தார். பணத்துக்குப் பதிலாகச் சங்கம் அச்சடித்த சீட்டில் ஆளுக்குக் கொஞ்சம் ஒதுக்கித் தருகிறோம். அதைக் கொண்டு எங்களிடமே விறகு, இறைச்சி, சட்டை வாங்கிக்கொள்கிறார். ஆகஸ்டில் என் மகள் சில்வினாவுக்குப் பிரசவம். அவர் இருக்கிறார் என்பதால்தான் நிம்மதியாகத் தூங்குகிறேன்.

ஏப்ரல் 17

ரேடியோவில் ஆளுநர். இன்னும் கொஞ்ச காலம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி இருக்க வேண்டுமாம். கட்டுவதற்கு இனி என்ன மிச்சம்?

மே 11 – சனி

இன்று வாசல் காவல் என்னுடையது. நகரத்திலிருந்து ஒரு லாரி வந்தது. ஆட்கள் வெறுங்கையோடு இறங்கினார்கள், பையில் மட்டும் கட்டுக்கட்டாகச் சீட்டு. தன் கையால் செய்த ஏதாவது ஒன்று இல்லாமல் யாரும் உள்ளே வரக்கூடாது என்பது சட்டம். நானும் எர்மினியாவும் சேர்ந்து எழுதிய சட்டம். தடுத்தேன்.

அவளே ஓடி வந்தாள். “விடுடி நெலிதா, எனக்குத் தெரிஞ்சவங்க. அடுத்த வாரம் சோப்பும் கம்பளியும் கொண்டு வராங்க. என்னையே சந்தேகப்படுறியா?”

அவள் சில்வினாவின் ஞானத்தாய். பெற்ற பிள்ளையை ஞானஸ்நானத் தொட்டியில் ஏந்தியவளைச் சந்தேகப்படுவதா? இந்த ஊரில் அதைவிட மாதாவையே திட்டிவிடலாம். விலகி நின்றேன்.

மாவு, எண்ணெய், விறகு என்று எதையும் விடாமல் வாரிக்கொண்டு போனார்கள். எல்லாம் விற்றுப்போயிற்றென்று எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். எனக்கும்தான்.

மே 18 – சனி

எல்லார் கையிலும் சீட்டு, வாங்கத்தான் ஒன்றுமில்லை. ஒரு கிலோ மாவுக்கு இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். சோப்பும் வரவில்லை, கம்பளியும் வரவில்லை. எர்மினியாவுக்குத் தலைவலியாம்.

மே 25

தேசிய நாள். சோளக்கூழில் இறைச்சி இல்லை. பக்கத்து ஊர்ச் சங்கத்தில் எங்கள் சீட்டை வாங்க மாட்டோம் என்றுவிட்டார்கள். பாதிக்கு மேல் எங்கோ அச்சடித்த போலியாம். ரூபென் அந்தச் சீட்டுகளை ஒரு பிடி அள்ளி அடுப்பில் போட்டார். “சூடாவது கொடுக்கட்டும்.”

மே 29

லாரிக்காரன் ஒவ்வொரு நடைக்கும் எர்மினியாவுக்கு நிஜப் பணம் எண்ணிக் கொடுத்ததை ரொட்டிக்கடை அனிபால் பார்த்திருக்கிறான். ஒவ்வொரு நடைக்குமாம்! நான் வாசலில் இல்லாத சனிக்கிழமைகளிலும் லாரி வந்திருக்கிறது.

நேரே போய்க் கேட்டேன். மறுப்பாள் என்று நினைத்தேன். மறுத்திருக்கக் கூடாதா!

“ஆமா, வாங்கினேன். உனக்கு ரூபென் இருக்காரு. எனக்கு யாருடி இருக்கா? சீட்டைக் காட்டினா பஸ்ல ஏத்துவானா?”

டாக்டர் போய்விடுவாரே, சில்வினா என்ன செய்வாள் என்றேன். டாக்டர் எப்படியும் ஒருநாள் போகத்தான் போகிறார் என்றாள். சொல்லிக்கொண்டே வெந்நீர் ஊற்றி மாத்தே தேநீர்க் குடுவையை என் பக்கம் நீட்டினாள், தினமும் நீட்டுவதுபோல. நான் வாங்கிக் குடித்தேன். ஏன் குடித்தேன்? முகத்தில் வீசியிருக்க வேண்டாமா? அவள் செய்ததைவிட இதுதான் அறுக்கிறது – பழக்கதோஷம், கை தானாக நீண்டது. பாவி. இருபது வருஷம் என் வீட்டில் தின்றவள்.

ஜூன் 8

எர்மினியா நகரத்துக்குப் போய்விட்டாள். வீட்டைப் பூட்டக்கூட இல்லை.

ஜூன் 22

டாக்டர் லுசேரோ சொல்லிக்கொண்டு போக வந்தார். வாசலிலேயே நின்றார். “மன்னிச்சிடுங்க நெலிதா. என் பிள்ளைங்களும் சாப்பிடணுமில்ல” என்றார். இவர்மேல் கோபம் வரவில்லை. வந்தாலாவது கொஞ்சம் ஆறியிருக்கும்.

ஜூலை 13 – சனி

கொட்டகையைத் திரும்பத் திறந்தோம். இனி சீட்டு கிடையாது, பொருளுக்குப் பொருள்தான். பழைய கூட்டத்தில் பாதிகூட வரவில்லை, ஆனாலும் வந்தவர்களில் ஒருவரையும் வெறும் வயிற்றோடு அனுப்பவில்லை. ஊர் செத்துவிடாது, அது தெரிகிறது. ஆனால் முட்டையும் விறகும் கொடுத்து ஒரு டாக்டரை எப்படி நிறுத்தி வைப்பது?

ஜூலை 20

சில்வினாவை நகரத்துக்கு பஸ் ஏற்றிவிட்டேன். குளிர்காலம் இது, மலைப்பாதையில் பனி விழுந்தால் வலி வரும்போது போக முடியாது. தெரிந்தவர் வீட்டில் தங்க ஏற்பாடாகிவிட்டது என்றாள், யாரென்று சொல்லவில்லை. நானும் கிளறவில்லை. போர்வையை மட்டும் திணித்தேன்.

ஆகஸ்ட் 16

தொலைபேசிக் கடையில் எனக்கு அழைப்பு. பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். அழுதேன், கடைக்காரரும் அழுதார்.

யார் வீட்டில் இருக்கிறாய் என்று அப்போதுதான் கேட்டேன். எர்மினியா வீட்டில். மருத்துவமனையில் இடம் பிடிக்க விடியுமுன் வரிசையில் நின்றது அவள்தானாம். ராத்திரி கூட இருந்ததும் அவள்தானாம். “அவங்க இல்லன்னா நான் நடைபாதையிலதாம்மா படுத்திருப்பேன்” என்கிறாள். யாரால் உனக்கு அந்த நிலைமை என்று கேட்க வாய்வரை வந்தது. பச்சை உடம்புக்காரியிடம் எதைக் கேட்பது.

பிறகு தயங்கித் தயங்கி, “எர்மினியான்னு பேர் வெச்சிருக்கோம்மா” என்றாள். நல்ல பெயர் என்று சொன்னேன். அங்கேயே தையல் வேலையும் பார்த்து வைத்திருக்கிறாளாம் ஞானத்தாய். சில்வினா இப்போதைக்குத் திரும்பி வருவதாக இல்லை.

ஆகஸ்ட் 17 – சனி

கொட்டகையில் எல்லோரும் கட்டிப்பிடித்து வாழ்த்தினார்கள். அனிபால் ஒரு பெரிய ரொட்டி கொடுத்தான், பதிலுக்கு எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. பேத்திக்கு என்ன பேர் என்று கேட்டான்.

இன்னும் வைக்கவில்லை என்றேன்.